வசனத்திலிருந்து மெட்டுக்கு: பேட்ரிக் டாய்லின் திரையிசை வாழ்க்கை

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற விவாதம் நம் ஊரில் ஓயாத ஒன்று. பாட்டே இல்லாத பின்னணி இசைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்று எனக்கு உறைத்தது, ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் டாய்லின் படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான். அவருடைய சிறந்த படங்களில் முதலில் யாரோ ஒருவர் வாய் திறந்து சில வரிகளைச் சொல்கிறார், அல்லது பாடுகிறார். ஆர்கெஸ்ட்ரா அதற்குப் பின்னால் வருகிறது. டாய்ல் தன் முதல் திரைப்படத்துக்கு இசையமைத்தபோது அவருக்கு வயது 36. அதுவரை மேடையில் நடித்துக்கொண்டும் நாடகங்களுக்கு இசையமைத்துக்கொண்டும் இருந்தவர். அந்த மேடை வருடங்கள் வீணாகவில்லை, பின்னால் வந்த இசை முழுவதற்கும் அவைதான் அஸ்திவாரம் என்பதே இந்த ஆய்வில் நான் நிறுவ நினைப்பது.

மேடையில் கழிந்த காலம்

டாய்ல் 1953 ஏப்ரல் 6 அன்று, கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே கிளைட் ஆற்றங்கரையில் இருக்கும் உடிங்ஸ்டனில் பிறந்தார். நிலக்கரியும் இரும்பும் சோறு போட்ட வட்டாரம் அது. கிளாஸ்கோவில் இருந்த ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி ஆஃப் மியூசிக் அண்ட் டிராமாவில் பியானோவும் வாய்ப்பாட்டும் படித்தார். இன்று அதன் பெயர் ராயல் கன்சர்வட்டோர் ஆஃப் ஸ்காட்லாந்து. பழைய பெயரைக் கவனியுங்கள்: இசையும் நாடகமும் ஒரே கூரையின் கீழ். ஒரு வகுப்பில் பியானோ, பக்கத்து அறையில் நாடக ஒத்திகை. அப்படிப்பட்ட இடத்தில் படித்தவர் பிறகு இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1978இல் முதன்முதலாக ஒரு நாடகத்துக்கு இசையமைத்தார். நடிப்பும் கூடவே ஓடியது. 1981இல் வந்த ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். வாங்கெலிஸின் சின்தசைசர் இசைக்காக உலகம் முழுவதும் பேசப்பட்டு, ஆஸ்கரும் வாங்கிய படம். அதில் கேமராவுக்கு முன்னால் நின்ற ஒரு துணை நடிகர் பிற்காலத்தில் இரண்டு முறை அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்படுவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாடகத்துக்கு இசையமைப்பது தனி வேலை. சினிமாவில் எடிட்டிங் முடிந்த காட்சி இசையமைப்பாளர் கைக்கு வரும். எந்த நொடியில் கதவு திறக்கிறது, எந்த நொடியில் கண்ணீர் வழிகிறது என்பதெல்லாம் மாறாது. மேடையில் எதுவும் நிலையில்லை. நடிகர் இன்று ஒரு வரியை நிறுத்திச் சொல்வார், நாளை ஓடவிட்டுச் சொல்வார். இசை அவருடைய மூச்சோடு போக வேண்டும். அப்புறம், ஒத்திகைக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே வசனத்தை ஐம்பது முறை கேட்கும் இசையமைப்பாளருக்கு அந்த வரியின் ஏற்ற இறக்கம் மனப்பாடம் ஆகிவிடும். டாய்லோ அந்த வசனங்களைத் தானே மேடையில் பேசியவர். ஒரு வரி எங்கே மூச்சு வாங்கும் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தன் நெஞ்சிலேயே உணர்ந்திருந்தார்.

திருப்பம் 1987இல் வந்தது. பெல்ஃபாஸ்டில் பிறந்த கென்னத் பிரானா என்ற இளம் நடிகர், டேவிட் பார்ஃபிட்டுடன் சேர்ந்து ரெனசான்ஸ் தியேட்டர் கம்பெனியைத் தொடங்கினார். பிரானாவுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. டாய்ல் அந்தக் குழுவில் நடிகராகவும் இசையமைப்பாளராகவும் சேர்ந்தார். அந்த வருடக் கடைசியில் லண்டன் ரிவர்சைடு ஸ்டூடியோஸில் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தை அரங்கேற்றினார்கள். பாட்டு நிறைந்த நாடகம் அது. அடுத்த வருடம் மூன்று ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இயக்கியவர்கள் ஜூடி டென்ச், ஜெரால்டின் மெக்யூவன், டெரெக் ஜகோபி. மூவருமே பெரிய நடிகர்கள். ஆக டாய்லுக்கு வாய்த்தது நடிகர்கள் ஆண்ட ஒரு குழு. அங்கே இசை சொல்லுக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும்.

ஒற்றைக் குரலில் தொடங்கும் பாட்டு

அடுத்து பிரானா ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தைப் படமாக்க முடிவு செய்தார். படம் 1989இல் வந்தது. அவருக்கும் இயக்குநராக அதுவே முதல் படம். இசைக்கு டாய்ல். ஒரு முழு நீளப் படத்துக்கு ஒருநாளும் இசையமைக்காத ஆளிடம் இவ்வளவு பெரிய வேலையைத் தந்தது சாதாரண நம்பிக்கை இல்லை. காரணம், அதே நாடகம் 1944இல் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்துப் படமாகியிருந்தது. அதற்கு இசை வில்லியம் வால்டன். பிரிட்டிஷ் திரையிசையின் சிகரங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அந்த நிழல் டாய்லின் தலைக்கு மேல் இருந்தது.

ஒலிவியரின் படம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் எடுக்கப்பட்டது. வெற்றிக் களிப்பும் பளபளப்பும் அதற்குத் தேவைப்பட்டன. பிரானாவின் அஜின்கோர் வேறு. 1415 அக்டோபர் 25 அன்று நடந்த அந்தப் போரை அவர் சேறும் ரத்தமுமாகக் காட்டுகிறார். ஜெயித்தவர்களுக்கும் நிற்கத் தெம்பில்லை. அப்போது அரசன் சொல்கிறான்: ‘நோன் நோபிஸ்’ பாடப்படட்டும் என்று. ஷேக்ஸ்பியரே எழுதி வைத்த வரி. ‘எங்களுக்கு அல்ல, ஆண்டவரே, எங்களுக்கு அல்ல, உமது பெயருக்கே மகிமை’ என்ற பொருளுள்ள, விவிலியத்திலிருந்து வரும் லத்தீன் துதிப்பாடல் அது.

அந்தக் காட்சியை இசை படிக்கும் எல்லாரும் ஒருமுறையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். களைத்துப்போன ஒரு போர்வீரன் தனியாகப் பாடத் தொடங்குகிறான். வாத்தியம் எதுவும் இல்லை, பயிற்சி பெற்ற கச்சேரிக் குரலாகவும் அது தெரியவில்லை. அந்த வீரனாக நடித்தவர் டாய்லே. பக்கத்தில் நிற்கும் சிலர் சேர்ந்துகொள்கிறார்கள். ஹென்றி செத்துக் கிடக்கும் பையன் ஒருவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பையனாக வந்தவர் சிறுவயது கிறிஸ்டியன் பேல். கேமரா வெட்டில்லாமல் அவனோடு பக்கவாட்டில் நகர்கிறது. பிணங்களையும் குதிரைகளையும் அழும் பெண்களையும் கடந்து, ஏறக்குறைய நான்கு நிமிடம். அதற்குள் அந்த ஒற்றைக் குரல் கோரஸ் ஆகிறது, கோரஸுக்கு அடியில் ஆர்கெஸ்ட்ரா எழும்புகிறது, கடைசியில் அடக்க முடியாத பிரளயமாக நிறைகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் குரல்தான். ஆர்கெஸ்ட்ராவிலேயே தொடங்கியிருந்தால் அது இசையமைப்பாளர் நமக்குச் சொல்லும் செய்தியாக இருந்திருக்கும்: இங்கே அழுங்கள், இங்கே பெருமைப்படுங்கள் என்று. ஒரு வீரனின் தொண்டையிலிருந்து தொடங்குவதால் அது அந்தக் களத்தில் நிற்பவர்களின் பாட்டாகிவிடுகிறது. பிறகு எத்தனை வயலின் சேர்ந்தாலும் அந்த உரிமை போவதில்லை. மெட்டையும் பாருங்கள். யாரும் முணுமுணுக்கக்கூடிய எளிமை, பெரிய தாவல்கள் கிடையாது. படைவீரர்கள் பாடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தெரிந்து போட்ட மெட்டு. கேமராவுக்கு முன்னாலேயே பாட வேண்டியிருந்ததால் படப்பிடிப்புக்கு முன்பே பாட்டு தயாராக இருந்தாக வேண்டும். எல்லாம் முடிந்தபின் ரீரெக்கார்டிங்கில் வந்து உட்காரும் இசையமைப்பாளருக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்காது.

பதிவின்போது பர்மிங்ஹாம் நகர சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் சைமன் ராட்டில். ‘நோன் நோபிஸ்’ அந்த வருடத்தின் சிறந்த திரைப்பட மெட்டுக்கான ஐவர் நோவெல்லோ என்ற பிரிட்டிஷ் இசை விருதைப் பெற்றது.

போருக்கு முன் ஹென்றி பேசும் புனித கிறிஸ்பின் நாள் உரையையும் சேர்த்துக் கேளுங்கள். தொடக்கத்தில் இசை இல்லை. பேச்சு தன் கால்களில் நின்று சூடு பிடித்த பிறகுதான் இசை மெல்ல நுழைகிறது, பிறகு குரலோடு சேர்ந்து ஏறுகிறது. நடிகரை முந்துவதில்லை. மேடையில் நின்று பேசியவருக்கு மட்டுமே வரக்கூடிய பொறுமை அது.

டஸ்கனித் தோட்டத்தில்

1991இல் பிரானாவின் முதல் ஹாலிவுட் படமான ‘டெட் அகெய்ன்’. பத்திரிகைத் தலைப்புகள் திரையில் பாய்ந்து வர, ஆர்கெஸ்ட்ரா இடி மாதிரி இறங்கும். கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போடும் இசை என்பது என் எண்ணம், ஆனால் படமே அப்படிப்பட்ட மிகையான படம்தான்.

என் வாதத்துக்குக் கச்சிதமான சாட்சி 1993இல் வந்த ‘மச் அடோ அபவுட் நத்திங்’. இத்தாலியின் டஸ்கனியில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் எடுத்தார்கள். படம் கருப்புத் திரையில் தொடங்குகிறது. எம்மா தாம்சன் ஒரு பாட்டின் வரிகளைப் பேச்சாகப் படிக்கிறார். எழுத்துகள் திரையில் வந்து போகின்றன. ‘பெருமூச்சு விடாதீர்கள் பெண்களே, ஆண்கள் எப்போதும் ஏமாற்றுக்காரர்கள்’ என்று தொடங்கும் ஷேக்ஸ்பியரின் வரிகள். நடுவில் ஒரு மாலையில் அதே வரிகள் பாட்டாக வருகின்றன. பாடும் பால்தசாராக நடித்தவர் மறுபடியும் டாய்ல். கடைசியில், எல்லாச் சிக்கலும் தீர்ந்து கல்யாணக் கூட்டம் முழுவதும் தோட்டத்தில் ஆடும்போது அதே மெட்டு கோரஸாகவும் முழு ஆர்கெஸ்ட்ராவாகவும் வெடிக்கிறது. கேமரா ஆடுபவர்களுக்கு நடுவே புகுந்து சுற்றி வந்து மேலே உயர்கிறது.

பேச்சு, பாட்டு, ஆர்கெஸ்ட்ரா. ஒரே வரிகள் மூன்று வடிவத்தில். கடைசிக் காட்சியில் நமக்கு உடம்பு சிலிர்ப்பதற்குக் காரணம், அந்த மெட்டு இரண்டு மணி நேரமாக நமக்குள் ஊறிக்கொண்டிருப்பதுதான். வார்த்தை இல்லாமல் வயலின் மட்டும் வாசித்தாலும் நம் மனசு வரிகளைப் போட்டுக்கொள்ளும்.

இதே காலத்தில் பிரானாவைத் தாண்டியும் வேலைகள் வந்தன. பிரெஞ்சு இயக்குநர் ரெஜி வார்னியேவின் ‘இந்தோசீன்’ 1992இல் வந்து, சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. பிரையன் டி பால்மாவின் ‘கார்லிட்டோஸ் வே’ 1993. அதன் தொடக்கத்தில் சுடப்பட்ட கார்லிட்டோவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். படம் கருப்பு வெள்ளை, காலம் மெதுவாகிறது, கீழே தந்தி வாத்தியங்கள் மட்டும் இரங்கற்பா பாடுகின்றன. கேங்ஸ்டர் படத்துக்கு இப்படி ஒரு துக்கம் தேவை என்று உணர்ந்த காது அது.

1995இல் அல்ஃபோன்சோ குவாரோனின் ‘எ லிட்டில் பிரின்சஸ்’. இந்தியாவில் வளர்ந்து நியூயார்க் விடுதிப் பள்ளிக்கு வரும் ஒரு சிறுமி, மற்ற பிள்ளைகளுக்கு ராமாயணக் கதை சொல்கிறாள். ராமனும் சீதையும் ராவணனும் திரையிலேயே வருகிறார்கள். இசைத் தட்டின் முதல் பகுதியின் பெயரே ‘ராமாயணா: எ மார்னிங் ராகா’. நம் காதுக்கு அது ராகமாகக் கேட்காது. ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கற்பனை செய்த இந்தியா அது. ஆனாலும் அந்தச் சிறுமி கற்பனை செய்யும் இந்தியாவும் அப்படிப்பட்டதுதானே. அதனால் பொருந்திப்போகிறது. அந்தப் படத்தின் முக்கியப் பாட்டைப் பாடியது டாய்லின் மகள். இங்கேயும் பாடும் பிள்ளையின் குரலே வழி காட்டுகிறது.

மரியான் வாசிக்கும் பியானோ

அதே 1995இல் ஆங் லீயின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. திரைக்கதை எழுதி நடித்தவர் எம்மா தாம்சன். ரெனசான்ஸ் நாட்களிலிருந்து டாய்லின் தோழி. அந்தத் திரைக்கதைக்கு அவர் ஆஸ்கர் வாங்கினார்.

ஜேன் ஆஸ்டினின் உலகத்தில் யாரும் மனசைத் திறந்து பேச மாட்டார்கள். அக்கா எலினோர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்பவள். தங்கை மரியான் எதையும் மறைக்கத் தெரியாதவள், பியானோ வாசிப்பவள், பாடுபவள். டாய்ல் இந்த வேறுபாட்டையே இசைக்குத் திறவுகோலாக எடுத்துக்கொண்டார். அப்பா இறந்த வீட்டில் மரியான் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறார், வேறு ஏதாவது வாசியேன் என்கிறாள் எலினோர். பிறகு மரியான் அப்பாவுக்குப் பிடித்த மெட்டை வாசிக்கும்போது, எலினோர் கதவோரம் நின்று சத்தமில்லாமல் அழுகிறாள். வந்து நிற்கும் எட்வர்ட் கைக்குட்டையை நீட்டுகிறான். அந்தக் குடும்பத்தின் துக்கம் முழுவதும் அந்தப் பியானோ மெட்டுக்குள் இருக்கிறது. பின்னணி இசை வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்ணின் விரலிலிருந்து வருகிறது.

கர்னல் பிராண்டனாக வரும் ஆலன் ரிக்மேன் மரியானை முதலில் பார்ப்பதும் அவள் பாட்டு வழியாகத்தான். அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், அவர் வாசலில் வந்து நின்றுவிடுகிறார். பாடியவர் மரியானாக நடித்த கேட் வின்ஸ்லெட்டே. வரிகள் 1603இல் ஜான் டௌலண்டின் பாட்டுப் புத்தகத்தில் வந்த, எழுதியவர் பெயர் தெரியாத கவிதை: ‘சோகமான நீரூற்றுகளே, இனி அழாதீர்கள்’. மெட்டு டாய்லுடையது. படம் முழுவதும் ஆர்கெஸ்ட்ராவில் அந்த மெட்டு கசிந்துகொண்டே இருக்கிறது. படத்தின் முடிவில் பிராண்டன் மரியானுக்கு ஒரு பியானோவை அனுப்புகிறார். அவள் இன்னொரு பாட்டைப் பாடுகிறாள். அதன் வரிகள் பென் ஜான்சனுடையவை. முதல் பாட்டு துக்கத்தை ஆற்றுவது, இரண்டாவது பாட்டு காதலை ஒப்புக்கொள்வது. இரண்டு பாட்டுகளுக்கும் இடையில் ஒரு பெண் வளர்ந்துவிட்டாள்.

எனக்கு டாய்லின் வேலைகளில் மிகப் பிடித்தது இதுதான். ‘ஐந்தாம் ஹென்றி’யின் பிரமாண்டம் இதில் இல்லை. சின்ன ஆர்கெஸ்ட்ரா, அடக்கமான வாசிப்பு. பேசாமல் இருக்கும் மனிதர்களுக்கு எவ்வளவு குறைவாக இசை போட வேண்டும் என்ற கணக்கு தெரிந்து செய்தது. வாத்தியக் கோர்ப்பில் அவருக்கு அந்தக் காலம் முழுவதும் துணை நின்றவர் லாரன்ஸ் ஆஷ்மோர். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது ‘இல் போஸ்டினோ’வுக்காக லூயிஸ் பாக்கலோவுக்குப் போனது.

அடுத்த வருடமே இரண்டாவது பரிந்துரை, பிரானாவின் ‘ஹாம்லெட்’டுக்காக. ஒரு வரிகூட வெட்டாமல் எடுத்த நான்கு மணி நேரப் படம். இறுதியில் பிளாசிடோ டொமிங்கோ பாடும் லத்தீன் பாட்டு நெஞ்சை நிறைக்கும். ஆனால் இடைவேளைக்கு முன் பனிவெளியில் ஹாம்லெட் பேசும் நீண்ட தனிமொழியில் எனக்குக் குறை இருக்கிறது. கேமரா பின்னால் போய்க்கொண்டே இருக்க, பிரானா கத்திக்கொண்டே இருக்க, இசை இரண்டையும் விட உயரமாக ஏறுகிறது. கடைசி வரிகளின் அர்த்தம் அந்த வெள்ளத்தில் முங்கிப்போகிறது. கிறிஸ்பின் நாள் உரையில் இருந்த பொறுமை இங்கே இல்லை. சொல்லுக்குப் பின்னால் நடக்கும்போதுதான் டாய்லின் இசைக்குப் பலம். முந்திப் போகும்போது அது வெறும் சத்தமாகிவிடும் அபாயம் உண்டு. அவர் இசையை நேசிக்கும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது.

ஆஸ்பத்திரியில் எழுதிய இசை

1997இல் டாய்லுக்கு லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அப்போது அவர் கையில் இருந்தது ‘குவெஸ்ட் ஃபார் கேமலாட்’ என்ற அனிமேஷன் படம். 1998இல் வெளியாக வேண்டிய படம். சிகிச்சையில் இருந்துகொண்டே அந்த இசையின் பெரும்பகுதியை எழுதி முடித்தார்.

அனிமேஷன் இசை எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். நடிகர் ஓடும் காட்சியில் இசை கொஞ்சம் முன்பின் போனாலும் யாருக்கும் தெரியாது. வரைந்த உருவம் துள்ளும்போது இசையும் அந்த ஃபிரேமிலேயே துள்ள வேண்டும். இடைவெளியே இல்லாமல் இசை ஓடும். பக்கம் பக்கமாக ஸ்வரங்கள். உடம்பு சொன்னபடி கேட்காத நாட்களில் அதை எழுதியிருக்கிறார். படம் பெரிதாகப் போகவில்லை. அந்த இசையும் அவருடைய சிறந்த வேலைகளில் வராது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அதில் இருக்கும் துறுதுறுப்பு என்னை ஆச்சரியப்படுத்துகிறது. எழுதியவரின் நோயின் சுவடு ஒரு இடத்தில்கூட இல்லை.

முழுமையாகக் குணமானார். பத்து வருடம் கழித்து, 2007இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லுகேமியா ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அவருடைய திரையிசைக் கச்சேரி நடந்தது. வாசித்தது லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா. நிகழ்ச்சியை இயக்கியவர் பிரானா. எம்மா தாம்சன், ஜூடி டென்ச், டெரெக் ஜகோபி, ஆலன் ரிக்மேன் என்று பழைய தோழர்கள் மேடையேறினார்கள். இருபது வருடத்துக்கு முன் ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் குழு ஒன்று திரண்ட மாதிரி இருந்திருக்கும்.

பெரிய ஸ்டூடியோக்களின் காலம்

டாய்லின் படப் பட்டியலில் ஒரே இயக்குநர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பிரானா, வார்னியே, குவாரோன், மைக் நியூவெல். அவர் திரைத்துறைக்குள்ளும் நாடகக் குழு வழக்கத்தையே கொண்டுபோனார். நியூவெலுடன் ‘இன்டு தி வெஸ்ட்’, ‘டானி பிராஸ்கோ’ இரண்டையும் முடித்திருந்தார். அதனால்தான் 2005இல் நியூவெல் நான்காவது ஹாரி பாட்டர் படத்தை இயக்கியபோது அழைப்பு இவருக்கு வந்தது.

முதல் மூன்று படங்களுக்கும் ஜான் வில்லியம்ஸ் இசை. உலகமே முணுமுணுத்த மெட்டு. அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவது எவ்வளவு சங்கடமான வேலை! டாய்ல் வில்லியம்ஸின் முகப்பு மெட்டை அளவாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். பழைய மெட்டுகள் போய்விட்டனவே என்று ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனாலும் கிறிஸ்துமஸ் நடன விருந்துக்காக அவர் எழுதிய வால்ட்ஸ்களைக் கேளுங்கள். முதல் முறை ஆடப்போகும் பிள்ளைகளின் கூச்சம் அந்தத் தாளத்துக்குள் இருக்கிறது. பள்ளிக்கு ஒரு கீதமும் எழுதினார். ஒரு பள்ளி இருந்தால் அதற்குப் பிள்ளைகள் பாடும் பாட்டு இருக்க வேண்டும் என்று நினைப்பது அவருடைய குணம்.

2011இல் பிரானா இயக்கிய ‘தோர்’. அதற்குள் ஹாலிவுட்டின் ரசனை மாறிவிட்டது. நீண்ட மெட்டுகளின் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடும் தந்தி வாத்திய வடிவங்களும் தாளங்களும் பிடித்துக்கொண்டன. ‘தோர்’ இசையில் டாய்லை அடையாளம் கண்டுபிடிக்க நான் சிரமப்பட்டேன். அங்கங்கே ஒரு நல்ல மெட்டு தலைகாட்டி ஓடிவிடுகிறது. அதே வருடம் வந்த ‘ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ மேலானது. அதன் நாயகன் சீசர் என்ற, பேச முடியாத சிம்பன்ஸி. படத்தின் பெரும்பகுதியில் சீசருக்காகப் பேசுவது இசை. பிறகு அவன் வாயிலிருந்து முதல் சொல் வருகிறது: ‘நோ!’ நடிகர்களோடு வாழ்ந்த ஒருவரிடம் இந்தப் படம் போய்ச் சேர்ந்தது நல்லதாயிற்று.

தாய்மொழிக்குப் பக்கத்தில்

2012இல் பிக்ஸாரின் ‘பிரேவ்’. பழங்கால ஸ்காட்லாந்தில் நடக்கும் கதை. இத்தனை வருடத்தில் ஆங்கிலேய அரசர்களுக்கும் டென்மார்க் இளவரசனுக்கும் பிரெஞ்சுக் காலனிக்கும் நியூயார்க் கேங்ஸ்டர்களுக்கும் இசையமைத்தவருக்குச் சொந்த மண்ணின் கதை கைக்கு வந்தது. பேக்பைப், ஃபிடில், ஹார்ப், போட்ரான் என்ற தோல் மேளம் எல்லாம் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒலிக்கின்றன. இவற்றை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்காமல், நடனத் தாளங்களையே ஓட்டக் காட்சிகளுக்கு அஸ்திவாரமாக்கினார்.

ஆனால் படத்தின் இதயம் ஒரு தாலாட்டு. எம்மா தாம்சன் குரலில் அரசி, தன் சின்ன மகள் மெரிடாவுக்குப் பாடுகிறார். வரிகள் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில். ஆங்கிலத்தில் பேசும் படத்தில், உலகம் முழுவதும் போகும் அமெரிக்க அனிமேஷனில், அம்மா பாடும்போது மட்டும் மொழி மாறுகிறது. பார்க்கும் பெரும்பாலோருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. மொழிபெயர்ப்பு வரிகளும் திரையில் வராது. இன்று ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கு. அந்த மொழி பெரிய திரையில் தாலாட்டாக ஒலித்ததை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தாலாட்டு எந்த மொழியில் இருந்தாலும் தாலாட்டு என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அம்மாவும் மகளும் பிரிந்து தவிக்கும்போது அந்த மெட்டு திரும்ப வருகிறது. டஸ்கனித் தோட்டத்தில் செய்த அதே வேலைதான்.

2015இல் பிரானாவின் ‘சிண்ட்ரெல்லா’. அதிலும் அம்மா கற்றுத்தந்த ஒரு பழைய ஆங்கில நாட்டுப்புறப் பாட்டு. மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணை இளவரசனின் ஆட்கள் கண்டுபிடிப்பது, ஜன்னல் வழியே வரும் அந்தப் பாட்டுக் குரலைக் கேட்டுத்தான். கண்ணாடிச் செருப்புக்கு முன்னால் குரல் வந்துவிடுகிறது. 2017இன் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ முடிவில் மிஷெல் ஃபைஃபர் பாடும் பாட்டுக்கு வரிகள் பிரானா, மெட்டு டாய்ல். ரிவர்சைடு ஸ்டூடியோஸ் நாடகம் முடிந்து 30 வருடம் ஆகியும் ஒருவர் சொல் எழுத, ஒருவர் மெட்டுப் போட்டார்.

ரெனசான்ஸ் குழுவின் புரவலராக அந்த நாட்களில் இருந்தவர் இளவரசர் சார்லஸ். 1990இல் தன் பாட்டியின் 90ஆவது பிறந்தநாளுக்காக டாய்லிடம் ஒரு பாடல் தொகுப்பு கேட்டு வாங்கினார். ‘திஸிலும் ரோஜாவும்’ என்று அதற்குப் பெயர். முன்னது, அதாவது திஸில் என்ற முட்செடிப் பூ, ஸ்காட்லாந்தின் சின்னம், பின்னது இங்கிலாந்தின் சின்னம். 33 வருடம் கழித்து அதே சார்லஸ் முடிசூடிய விழாவுக்குப் புதிதாக எழுதப்பட்ட 12 இசைப் படைப்புகளில் டாய்லின் அணிவகுப்பு இசையும் ஒன்று. 2023 மே 6. டாய்லுக்கு 70 வயது நிறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விழா நடந்தது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். ஐந்தாம் ஹென்றியின் கல்லறை இருப்பதும் அதே ஆலயத்துக்குள்தான்.